தோளதிகாரம்: ரொறன்ரோத் தோள்களின் திருப்ப இலக்கணம்

பாயிரம்

தோளைப் பற்றித் தமிழன் பாடாதது இல்லை; ஆராய்ந்ததுதான் இல்லை. ஆணுக்கு மலைத்தோள், பெண்ணுக்கு மூங்கில்தோள். மிதிலைத் தெருவில் இராமனின் தோளைக் கண்ட பெண்களின் பார்வை அங்கேயே ஒட்டிக்கொண்டதாகக் கம்பன் சொல்கிறான். அந்தத் தோள் எத்தனை பாகை திரும்பும் என்று அவர்களில் ஒருத்தியும் கேட்டதாகச் சொல்லவில்லை. பழமொழிக்காரரும் அப்படித்தான். பிள்ளை தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்பார்கள். அங்கே தோள் ஓர் அளவுகோல். கஷ்டத்தில் தோள் கொடு என்பார்கள். அங்கே அது முண்டுகொடுக்கிற மரக்கட்டை. பாரம் தாங்குவதும் உயரம் காட்டுவதுமே தோளின் தொழில் என்று தலைமுறை தலைமுறையாக நம்பி வந்திருக்கிறோம்.

அது பிழை என்று எனக்கு உணர்த்தியது ஒரு விண்டர் ஜக்கெற். மாசி மாதத்து விடிகாலை, ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்தின் லொபி. வலது கையை நுழைத்தாயிற்று. இடது கை வழக்கம்போல முதுகுப்பக்கம் போய் மற்றச் சட்டைக்கையின் வாயைத் தேடவேண்டும். போகவில்லை. வலி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆச்சரியம். லிஃப்டில் இருந்து இறங்கிய சீனத்து மூதாட்டி ஒருவர் ஒன்றும் பேசாமல் பின்னால் வந்து, ஜக்கெற்றைப் பிடித்து, என் கையைப் பள்ளிக்கூடப் பிள்ளையின் கைபோல உள்ளே விட்டு, தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். இந்நூல் தோன்றிய வரலாறு அவ்வளவே.

நூலின் முதற் சூத்திரம் வருமாறு:

தூக்குவ தொன்றே தோளென மொழிப
திரும்புவ தறியா தோரே.

உரை தேவையில்லை. தேவைப்படுவோர் தொடர்ந்து வாசிக்க.

உறுப்பியல்

தோளை ஆராய ரொறன்ரோவைவிடப் பொருத்தமான நிலம் இல்லை. ஸ்கொட்லாந்தில் பிறந்த ஜோன் சார்ள்ஸ் பொய்லோ கிராண்ட் என்பவர் 1930இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு உடற்கூற்றியல் பேராசிரியராக வந்தார். 1943இல் வெளிவந்த அவருடைய உடற்கூற்றுப் படநூல் இன்றும் புதுப்பதிப்புக் கண்டுகொண்டிருக்கிறது. கற்பனையில் வரைந்தவை அல்ல அதன் படங்கள்; இங்கே வெட்டிப் பிரித்துப் பார்த்த உடல்களிலிருந்து எடுத்தவை. உலகத்தின் எத்தனையோ டொக்டர்மார் தோளை முதன்முதலில் பார்த்தது இந்த ஊர்ப் படத்தில்தான். ஆகவே நாம் அகத்தியர் வழி வரவில்லை, கிராண்ட் வழி வருகிறோம் என்று கொள்க.

தோள் என்பது ஒரு மூட்டு அன்று. ஒரு கூட்டுக் குடும்பம். தோள்பட்டை எலும்பு, காறை எலும்பு, மேற்கை எலும்பு ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்துவது. இதில் விநோதம் என்னவென்றால், கை முழுவதும் உடம்பின் நடு எலும்புக்கூட்டோடு எலும்பால் தொடுக்கப்பட்டிருப்பது ஒரே ஓர் இடத்தில்: காறை எலும்பு நெஞ்செலும்பைத் தொடுகிற அந்தச் சிறு முனையில். மற்றதெல்லாம் தசையில் தொங்கல். தோள்பட்டை எலும்பு முதுகில் ஆணி அடித்து வைத்ததல்ல. விலாவின் மேல் வழுக்கிக்கொண்டு திரிவது. அதைப் பிடித்திருக்கும் தசைகள் பதினேழு.

இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணம். அதற்குள் பந்து இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். தோள் மூட்டோ பிளேன்ரீ சோசர். சோசர்மேல் ஒரு தேசிக்காயை வைத்து, அது உருண்டு விழாமல் எல்லாப் பக்கமும் திரும்பவேண்டும் என்று கேட்பதுபோன்றது. பந்தின் மேற்பரப்பில் எந்த நேரமும் குழியோடு ஒட்டியிருப்பது மூன்றில் ஒரு பங்குக்குக் கூடாது. இந்த ஆபத்தான ஏற்பாட்டைக் காப்பாற்றுவது நான்கு சிறு தசைகள். பிசியோக்காரர் ரொட்டேற்றர் கஃப் என்பார்கள். ரொறன்ரோத் தமிழர் 'கஃப் கிழிஞ்சு போச்சு' என்று முடிப்பார்கள். முள்மேல் தசை கையைத் தூக்கத் தொடங்கி வைக்கும். முள்கீழ்த் தசையும் சிற்றுருளைத் தசையும் கையை வெளியே திருப்பும். பட்டையின் அடியில் ஒளிந்திருக்கும் நான்காவது, பெரியது, உள்ளே திருப்பும். ஒரு வீட்டு மோட்கேஜில் கையெழுத்து வைத்த நாலு சகோதரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால்தான் வீடு நிற்கிறது. ஒருவர் கைவிட்டால் மற்ற மூவருக்கும் நித்திரை போய்விடும்.

நால்வரின் பெயர்க்காரணத்தைக் கவனிக்க. ரொட்டேற்றர் என்றால் திருப்பி. தூக்கி அல்ல.

திருப்பியல்

தூக்குவது கண்ணுக்குத் தெரியும். திருப்புவது தெரியாது. இதுவே இந்நூலின் சாரம், ஆகையால் வாசகர் இங்கே சற்று எழுந்து நிற்க.

வலது கையை முழங்கை மடியாமல் தொங்கவிடுக. உள்ளங்கை தொடையைப் பார்க்கட்டும், பெருவிரல் முன்னே பார்க்கட்டும். கையை நேரே முன்னால் தோள் உயரத்துக்குத் தூக்குக. அங்கிருந்து, உயரம் மாறாமல், பக்கவாட்டில் விரித்துக் கொண்டுபோக. இப்போது அப்படியே கீழே இறக்கித் தொங்கவிடுக. எந்த இடத்திலும் கையை முறுக்கக்கூடாது. முடிந்ததும் உள்ளங்கையைப் பார்க்க. அது தொடையைப் பார்க்கவில்லை; முன்னே பார்க்கிறது. நீங்கள் திருப்பவே இல்லை, தோள் கால்வட்டம் திரும்பிவிட்டது. இந்தக் கூத்தை விளக்கியவர் பொஸ்ரன் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் எர்னஸ்ட் கோட்மன். 1934இல் தோளுக்கென்றே அவர் தடித்த புத்தகம் ஒன்று எழுதி வெளியிட்டார். நான் இதை 102ஆம் இலக்கப் பஸ் தரிப்பிடத்தில் செய்து பார்த்தேன். பக்கத்தில் நின்ற பெடியன் இரண்டடி தள்ளி நின்றான்.

இன்னொன்று. பெருவிரல் நிலத்தைப் பார்க்கும்படி கையை உள்ளே திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் தூக்குக. தோள் உயரத்தைத் தாண்டியதும் எங்கோ முட்டும். இப்போது உள்ளங்கை வானத்தைப் பார்க்கும்படி வெளியே திருப்புக. கை காதுவரை போகும். காரணம் எளிது. மேற்கை எலும்பின் தலையில் ஒரு புடைப்பு உண்டு. தோளின் உச்சியில் ஓர் எலும்புக் கூரை உண்டு. திருப்பாமல் தூக்கினால் புடைப்புக் கூரையில் இடிக்கும். வெளியே திருப்பினால் புடைப்பு பின்பக்கம் ஒதுங்கி வழி விடும். முருகனுக்கு இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்து அரோகரா சொல்கிற ஒவ்வொருவரும், தமக்குத் தெரியாமலே, முதலில் தோளை வெளியே திருப்பியவர்கள்தான்.

இந்தப் பயணத்தில் தாளமும் உண்டு. 1944இல் இன்மன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அளந்தார்கள். கை 180 பாகை உயர்வதில் ஏறக்குறைய 120 பாகையே பந்துமூட்டின் வேலை. மிச்ச 60 பாகை தோள்பட்டை எலும்பு விலாமேல் சுழன்று கொடுப்பது. இரண்டுக்கு ஒன்று. பின்வந்தோர் இந்தக் கணக்கு ஆளுக்காள், கோணத்துக்குக் கோணம் மாறும் என்று திருத்தினாலும் தாளத்தை யாரும் மறுக்கவில்லை. கடைசியில் காறை எலும்பும் தன் அச்சிலேயே பின்னுக்கு உருளும். பஸ்ஸில் மேலே உள்ள கம்பியை எட்டிப் பிடிக்கும் தறுவாயில் நாலு மூட்டுகள் கச்சேரி வைக்கின்றன. பக்கவாத்தியம் ஒன்று பிசகினால் பாடகர் கழுத்தைச் சரித்து, உடம்பை வளைத்துச் சமாளிப்பார். தோள் நோகிறவர் அலுமாரியின் மேல்தட்டில் கை வைக்கும்போது பார்த்தால் இது விளங்கும்.

வகையியல்

ரொறன்ரோவில் காணப்படும் தோள்களை அவை தூக்கும் பாரத்தால் வகுப்பது பழைய முறை. திருப்பத்தால் வகுப்பதே இந்நூலின் முறை.

முதலாவது சாரதித்தோள். இதன் இயல்பைக் குடிவரவு அதிகாரிகள் கவனிக்கத் தவறிவிட்டார்கள். ஊரில் சாரதி வலப்பக்கம் இருப்பார், கனடாவில் இடப்பக்கம். ஆகவே சீற்பெல்ட் இங்கே இடது தோளுக்கு மேலிருந்து வரும். கையைப் பின்னே, மேலே, வெளியே திருப்பி எட்டி எடுக்கவேண்டும். ரிம் ஹோர்ட்டன்ஸ் ஜன்னலில் டபிள் டபிள் வாங்குவதும் இடது கை. நாற்பது வயதுவரை சோற்றுக் கைக்குத் துணையாக மட்டும் வாழ்ந்த இடது தோள், விமானத்தால் இறங்கிய மறுவருசமே முழுநேர வேலைக்குப் போய்விட்டது. ஊரில் வலத்தோள் இதே வேலையைச் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். ஊரில் அந்தக் காலத்தில் பெல்ட் போட்டது யார்?

இரண்டாவது அகந்திருப்பித் தோள். பின்பொக்கற்றிலிருந்து பேர்ஸ் எடுப்பது, முதுகில் கொக்கி மாட்டுவது, ஜக்கெற்றின் இரண்டாவது கையைத் தேடுவது எல்லாம் இதில் அடங்கும். பெண்கள் இத்தோளின் அருமையை நாள்தோறும் அறிவர். ஆண்கள் பேர்ஸ் எடுக்க முடியாமல் போகும் அன்று அறிவர்; சிலர் ரெஸ்ரோரன்ற் பில் வந்ததும் திடீரென அறிவர். அவ்வகைப் போலிகளை இந்நூல் கணக்கில் எடுக்காது.

மூன்றாவது புறந்திருப்பித் தோள். தலை பின்னுவது இதன் எளிய வடிவம். உயர்ந்த வடிவத்தைக் காண விரும்புவோர் ஸ்காபரோவில் ஏதாவது ஒரு பேஸ்மென்ற் பரத வகுப்புக்குப் போகலாம். நாட்டியாரம்பத்தில் கைகள் தோள் மட்டத்தில் விரிந்து நிற்கவேண்டும், முழங்கை சரியக்கூடாது. ரீச்சர் தட்டுக்கழியைத் தூக்கிக் காட்டினால் பத்து வயதுப் பிள்ளையின் முழங்கை இரண்டு அங்குலம் உயரும். உயர்வது முழங்கை அல்ல. உள்ளே தோள்பட்டை எலும்பு அடங்கி நிற்க, சிறு தசைகள் நடுங்கி நடுங்கி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அரங்கேற்றத்துக்கு வருகிறவர்கள் முகபாவத்தையும் நகையையும் பார்ப்பார்கள்.

இவ்வகையின் பயங்கர வடிவம் நகரத்தின் நடுவில், 1992இலும் 1993இலும் உலகத் தொடரை வென்ற புளூ ஜேஸ் விளையாடும் அரங்கில் இருக்கிறது. பேஸ்போலில் பந்து எறிகிறவர் கையை உயர்த்தி வெளியே திருப்பும்போது, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரையான பகுதி பின்னே படுத்துவிடும். முதுகின் வளைவும் தோள்பட்டையின் சரிவும் சேர்ந்து, திருப்பம் 170 பாகையைத் தொடும். உங்களுக்கும் எனக்கும் 90ஓடு கதை முடிந்தது. பிறகு அங்கிருந்து உள்ளே திருப்புவார். வேகம் நொடிக்கு 7000 பாகைக்கு மேல். மனித உடம்பில் அளந்தறிந்த அசைவுகளில் மிக வேகமானவற்றுள் ஒன்று இது. அதே வேகத்தில் விடாமல் சுற்ற முடிந்தால் ஒரு நொடிக்குள் பத்தொன்பது வட்டம் முடிந்திருக்கும். அதே நாலு சகோதரர்தான் அந்தக் கை கழன்று போகாமல் பிடித்து நிறுத்துகிறார்கள். எறிகிறவர்களின் தோள் ஏன் சத்திரசிகிச்சை மேசைக்கு வருகிறது என்று இனிக் கேட்கவேண்டாம்.

நான்காவது மயக்குத்தோள். இதற்கு உதாரணம் ஒருவரே, அவர் கண்டிக்காரர். 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்போர்னில் நடுவர் டரல் ஹெயர், முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று திரும்பத் திரும்ப நோ போல் கொடுத்தார். முரளியின் முழங்கை பிறப்பிலேயே முழுதாக நிமிராதது. மடிந்த முழங்கையை வைத்துக்கொண்டு தோளை வேகமாக உள்ளே திருப்பினால், ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு முழங்கை நிமிர்வதுபோலத் தோன்றும். சந்தேகமென்றால் முழங்கையை ஓர் 'ட' போல மடித்துப் பிடித்துத் தோளை மட்டும் திருப்பிக்கொண்டு சுவரில் விழும் நிழலைப் பார்க்க. நிழலில் கை நீளும், சுருங்கும். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் கமராக்களை வைத்து அவரைப் பரிசோதித்தார்கள். பிறகு 15 பாகைவரை முழங்கை நிமிரலாம் என்று உலகக் கிரிக்கெற் சபை எல்லாருக்கும் பொதுவாக விதி செய்தது. 2010இல் அவர் 800 விக்கெற்றோடு ரெஸ்ற்றிலிருந்து ஓய்வு பெற்றார். தோளின் திருப்பம் கண்ணுக்குத் தெரியாது என்ற என் சூத்திரத்துக்கு இதைவிட விலை கூடிய உதாரணம் கிடையாது. நிழலைப் பார்த்துவிட்டு முழங்கையைக் குற்றவாளி ஆக்கினார்கள்.

ஐந்தாவது குலுக்குத்தோள். இங்கே பிறந்த பிள்ளைகளிடம் மட்டும் காணப்படும். 'சாப்பிட்டியா?' 'எங்க போறாய்?' 'சோதனை எப்பிடி?' எல்லாவற்றுக்கும் ஒரே விடையாக இரண்டு தோளும் ஒரு தரம் ஏறி இறங்கும். இதில் பந்துமூட்டு அசைவதே இல்லை. தோள்பட்டை மட்டும் மேலே வழுக்குகிறது. ஆகவே இலக்கணப்படி இது தோளசைவு ஆகாது, விடையும் ஆகாது.

ஆறாவது பனிவாரித் தோள். 1999 சனவரியில் பனி கொட்டி நகரம் அடைபட்டபோது, மேயர் மெல் லாஸ்ற்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார். கனடாவின் மற்றப் பக்கங்களில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். தெருவில் ஆமி என்று கேட்டதும் எங்கள் ஆட்களில் எத்தனை பேர் கதவைச் சாத்தினார்களோ. வந்தவர்கள் பனி வாரப் போனார்கள். வாருவதில் கேடு இல்லை. வாரிய பனியைத் தோளுக்கு மேலால் பின்னே வீசுவதில்தான் இருக்கிறது: பாரத்தோடு தூக்கி, தூக்கிய கையோடு திருப்பி. முன்னே தள்ளுங்கள், வீசாதீர்கள் என்று எந்தப் பிசியோவும் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது யார் தள்ளுவது?

உறைவியல்

எஞ்சியது உறைதோள். மற்ற ஆறும் தோளின் வகை. இது தோளின் இன்மை. இதற்கு உறைந்த தோள் என்று பெயர் வைத்தவரும் அதே கோட்மன், அதே 1934 புத்தகத்தில். மூட்டைச் சுற்றி ஒரு தளர்ந்த உறை உண்டு. அது வீங்கி, தடித்து, சுருங்கும். நல்ல மூட்டுறைக்குள் சாதாரணமாக 15 மில்லிலீற்றருக்கு மேல் திரவம் கொள்ளும். உறைந்ததில் பத்துக்கும் கீழே போய்விடும். பெரிய ஜக்கெற்றைச் சுடுநீரில் தோய்த்து உலர்த்தினால் பிள்ளைக்கு அளவாகிவிடுவதுபோல. முதலில் களவு போவது வெளியே திருப்பும் ஆற்றல். தூக்கும் ஆற்றல் பிறகுதான் போகும். நோயாளி 'கை எழும்புதில்லை' என்று முறையிட்டுக்கொண்டு வருவார். கெட்டிக்கார டொக்டர் எழுப்பிப் பார்க்கமாட்டார், திருப்பிப் பார்ப்பார்.

என்னைப் பார்த்த பிசியோ பிள்ளை இங்கே பிறந்தவள். "அங்கிள், முழங்கையை இடுப்போட ஒட்டி வச்சுக்கொண்டு கேற் திறக்கிற மாதிரி கையை வெளியால விடுங்கோ." பிளாஸ்ரிக் கோணமானியை முழங்கையில் வைத்துப் பார்த்தாள். வலது எழுபது. இடது பதினைந்து. "அவ்வளவுதானா?" "இல்லைப் பிள்ளை, இன்னும் போகும்." "அது கை போகேல்லை அங்கிள், நீங்கள்தான் கட்டிலோட திரும்புறீங்கள்." தோள் திரும்பாத இடத்தில் முதுகு பொய்ச்சாட்சி சொல்லும் என்பதை அன்று கற்றேன்.

அடுத்த கேள்வி: "சுகர் இருக்கோ?" இருந்தது. நீரிழிவு உள்ளோருக்கு உறைதோள் பல மடங்கு கூடுதலாக வரும். இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை உறையின் நார்களில் ஒட்டிப் பிணைந்து அவற்றை விறைக்க வைப்பது ஒரு காரணம் என்பர். பாகு பதம் தப்பினால் எள்ளுருண்டை கல்லாவது போல. இங்கேதான் ரொறன்ரோ மறுபடி வந்து நுழைகிறது. 1921 கோடையில் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் சார்ள்ஸ் பெஸ்ற்றோடு சேர்ந்து இன்சுலினைத் தேடிய பிரெட்ரிக் பான்ரிங், படிப்பால் நீரிழிவு நிபுணர் அல்லர். எலும்பு மூட்டுச் சத்திரசிகிச்சையில் பயின்றவர். 1918இல் போர்க்களத்தில் வலது கையில் குண்டுச் சிதறல் பட்டவரும்கூட. 1922 சனவரி 11ஆம் திகதி ரொறன்ரோப் பொது ஆஸ்பத்திரியில் லெனார்ட் தொம்சன் என்ற பெடியனுக்கு முதல் ஊசி போட்டார்கள். மறுவருசம் நோபல் பரிசு வந்தது. மூட்டு வைத்தியர் ஒருவர் சர்க்கரைக்கு மருந்து கண்டதால் நாங்கள் நீண்ட காலம் வாழ்கிறோம். நீண்ட காலம் வாழ்ந்த சர்க்கரை எங்கள் மூட்டுக்குத் திரும்பி வருகிறது. அவர் முதல் தொழிலிலேயே நின்றிருந்தால் என் தோளைத் திருப்பியிருப்பார், ஆனால் திருப்புவதற்கு நான் இருந்திருப்பேனா என்பது கேள்வி.

இந்நோய் விரும்பி வரும் பருவம் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில். ஒன்ராறியோ அரச காப்புறுதி வெளிக் கிளினிக் பிசியோவுக்குப் பெரும்பாலும் பணம் கொடுப்பது 19 வயதும் அதற்குக் கீழும், 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. நோய்க்குச் சட்டம் தெரிந்திருக்கிறது.

உறைதல், உறைந்து கிடத்தல், இளகுதல் என இதன் பருவம் மூன்று. முதல் இரண்டும் மாதக் கணக்கு. மூன்றாவது பருவம் ஒரு வருசத்தையும் தாண்டலாம். சித்திரையிலும் பனி கொட்டும் ஊரில் இருப்பவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொக்குவிலில் இருக்கும் பெரியம்மாவுக்கு மட்டும் ஃபோனில் விளக்கினேன். "நல்லெண்ணெய் போட்டு உருவடா மோனை. தோளிலை பாரம் தூக்கினனியோ?" என்றார். ஒன்றும் தூக்கவில்லை என்றேன். "அப்ப ஏன் நோகுது?" எங்கள் இலக்கிய மரபு முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது.

புறனடை

இந்நூலில் சொல்லப்படாத தோள்கள், வாசகர் தம் வீட்டுக் கண்ணாடியில் கண்டு சேர்த்துக்கொள்க. ஒரு கை கதவுபோலத் திறக்காவிட்டால் எண்ணெய் தேடமுன் சுகரைப் பார்க்க. என் கணக்கு இது: தடியைப் பிடித்துக் கையை வெளியே தள்ளுகிற பயிற்சி, நாளுக்கு மூன்று வேளை, எட்டு மாதம். போன வியாழக்கிழமை அந்தப் பிள்ளை அளந்தபோது இடது தோள் நாற்பத்திரண்டு பாகை. ஜக்கெற்றை இப்போது இடது கையில் தொடங்கிப் போடுகிறேன். சீற்பெல்ட்டை இன்னும் வலது கையாலேதான் இழுக்கிறேன்.